மரத்தடியில் படித்து மரபணுவை வாசித்தவர்: ஹர் கோவிந்த் குரானா

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்குப் போகும் நம் தருமபுரி மாவட்டப் பிள்ளைகள், பிளஸ் டூவில் டிஎன்ஏ, ஆர்என்ஏ வேறுபாடுகளை மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு கிராமத்துப் பையனின் வாழ்க்கை இருப்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஹர் கோவிந்த் குரானா 1922-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தார். சுமார் நூறு பேர் வாழ்ந்த ஊர். எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அவர்களுடையது மட்டும்தான். தந்தை பட்வாரி, நம்மூர் வி.ஏ.ஓ. போல நிலக்கணக்கு பார்ப்பவர். வறுமையிலும் ஐந்து பிள்ளைகளின் படிப்பை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைக்குட்டியான குரானா மரத்தடியில் ஆரம்பப் பாடம் கற்று, முல்தானிலும் லாகூரிலும் படித்து, 1945-இல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்றார். லிவர்பூலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1949-இல் தாயகம் திரும்பினார். பிரிவினையால் பிறந்த ஊர் வேறு நாட்டுக்குப் போயிருந்தது. இங்கே அவருக்கு ஏற்ற வேலையும் கிடைக்கவில்லை. மீண்டும் கேம்பிரிட்ஜ், பிறகு கனடா, 1960-இல் அமெரிக்கா.

இதற்கிடையே 1953-இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவின் வடிவத்தை வெளியிட்டிருந்தார்கள். முறுக்கிய ஏணி போல இரண்டு இழைகள். படிகளாக நான்கு வேதிப்பொருள்கள்: அடினின் எதிரே தைமின், குவானின் எதிரே சைட்டோசின். ஆர்என்ஏ பெரும்பாலும் ஒற்றை இழை. அதில் தைமினுக்குப் பதில் யுராசில். அதன் சர்க்கரையில் ஓர் ஆக்ஸிஜன் கூடுதலாக இருப்பதால் எளிதில் சிதைந்துவிடும்.

குரானாவின் தந்தை பார்த்த வேலையையே உதாரணமாகச் சொல்லலாம். மூலப் பதிவேடு அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும். தேவையான பக்கத்தின் நகல்தான் வெளியே போகும். பதிவேடு டிஎன்ஏ. நகல் ஆர்என்ஏ. அந்த நகலைப் பார்த்துத்தான் செல் புரதம் செய்கிறது.

நகலில் உள்ள எழுத்துகளுக்கு என்ன பொருள்? குரானா ஆய்வகத்தில் தாமே டிஎன்ஏ துண்டுகளைச் செய்து, அவற்றிலிருந்து ஆர்என்ஏ எடுத்தார். யுராசிலும் சைட்டோசினும் மாறி மாறி வரும் ஆர்என்ஏவைக் கொடுத்தபோது, செரின், லூசின் என்ற இரு அமினோ அமிலங்கள் மாறி மாறிக் கோத்த புரதம் வந்தது. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல் என்பது உறுதியானது. மொத்தம் 64 சொற்கள். அவற்றில் மூன்று முற்றுப்புள்ளிகள். இதற்காக 1968-இல் நிரன்பர்க், ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். 1970-களில் ஒரு மரபணு முழுவதையும் ஆய்வகத்திலேயே உருவாக்கினார். 2011-இல் அமெரிக்காவில் காலமானார்.

கொரோனா காலத்தில் நம் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்த ஆர்டி-பிசிஆர் சோதனை நினைவிருக்கும். அந்த வைரஸிடம் இருப்பது ஆர்என்ஏ. அதை முதலில் டிஎன்ஏவாக மாற்றி, பிறகு பல கோடி மடங்கு பெருக்கித்தான் முடிவு சொன்னார்கள். பாடப்புத்தகத்து வேறுபாடு நம் வாசலுக்கே வந்த நாட்கள் அவை.

நூறு பேர் ஊரில் ஒரு தகப்பன் எடுத்த முடிவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது! பிளஸ் டூ முடித்த மகனோ மகளோ மேலே படிக்கக் கேட்கும்போது, காசைக் காரணம் காட்டி உடனே மறுக்காமல், எந்தெந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பள்ளியில் ஒருமுறை விசாரிப்போம். குரானாவைக் கடல் தாண்ட வைத்ததும் ஓர் உதவித்தொகைதான்.