பேர்த்தா பென்ஸ் (1849 – 1944)

பேர்த்தா ஜேர்மனியின் போர்ட்ஸ்ஹைம் நகரில் 1849 மே 3 ஆம் திகதி பிறந்தார். 1872 இல் கார்ல் பென்ஸ் என்னும் பொறியியலாளரை மணந்தார். திருமணத்துக்கு முன்னரே தமது சீதனத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து, நெருக்கடியில் இருந்த அவரது வேலைத்தளத்தைக் காப்பாற்றினார்.

கார்ல் தாம் உருவாக்கிய மூன்று சில்லு மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 இல் ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். ஆயினும் வண்டியை வாங்க மக்கள் முன்வரவில்லை. குதிரையில்லாத வண்டி தூர இடத்துக்குப் போகுமா என்பதே அவர்களின் ஐயம். குடும்பத்தின் பணமும் கணவரின் பல வருட உழைப்பும் வீணாகும் நிலை தோன்றியது.

1888 ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் அதிகாலை, கணவருக்குச் சொல்லாமலே பேர்த்தா வண்டியை வெளியே எடுத்தார். 15 வயது ஓயிகனும் 13 வயது ரிச்சார்டும் உடன் சென்றனர். மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைம் வரை தூரம் 100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அதுவரை எந்த மோட்டார் வண்டியும் இத்தகைய நெடுந்தூரம் ஓடியதில்லை.

வழியில் பழுதுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இயந்திரம் இயங்க எரிபொருளும் தீப்பொறியும் வேண்டும். எரிபொருள் குழாய் அடைபட்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். தீப்பொறிக்கு மின்னைக் கொண்டு செல்லும் கம்பியின் உறை தேய்ந்து மின் கசிந்தபோது, காலுறைப் பட்டியைச் சுற்றி அதனைக் காவலிட்டார். எரிபொருள் குறைந்தபோது, வீஸ்லொக் நகர மருந்துக்கடையில் துணிக்கறை நீக்க விற்கப்பட்ட லிக்ரொயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் ஆவியாகிக் கொண்டிருந்ததால், கிடைத்த இடமெல்லாம் நீர் நிரப்பினர். சங்கிலியைச் சரிசெய்யக் கொல்லர் ஒருவர் உதவினார். இறக்கங்களில் மரப் பிறேக் கட்டைகள் தேய்ந்தபோது, சப்பாத்துத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மேல் தோல் அடிப்பித்தார்.

ஏற்றங்களில் மட்டும் வண்டி ஏற மறுத்தது. இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. இங்கே எந்தப் பாகமும் பழுதடையவில்லை. ஏற்றத்துக்கு ஏற்ற தாழ்ந்த கியர் வண்டியில் இல்லாமையே காரணம். ஊசியாலோ பட்டியாலோ தீர்க்கக்கூடிய குறை அல்ல இது. வண்டியின் அமைப்பையே மாற்ற வேண்டும். இவ்வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மாலையில் போர்ட்ஸ்ஹைமை அடைந்த பேர்த்தா கணவருக்குத் தந்தி அனுப்பினார். சில நாட்களின் பின் அதே வண்டியிலேயே வீடு திரும்பி, கண்ட குறைகளை எடுத்துரைத்தார். கார்ல் ஏற்றத்துக்கான கியரைச் சேர்த்தார். பிறேக் கட்டைகளுக்குத் தோலுறை இடும் முறையும் வழக்கிற்கு வந்தது. அதே ஆண்டு மியூனிக் கண்காட்சியில் அவ்வண்டி தங்கப் பதக்கம் பெற்றது.

பேர்த்தா 1944 மே 5 இல், தமது 95 ஆவது பிறந்தநாளுக்கு இரு நாட்களின் பின் லாடன்பேர்க் நகரில் காலமானார். அவர் சென்ற பாதை 2008 முதல் அவரது பெயரால் நினைவுப் பாதையாக விளங்குகிறது. வேலைத்தளத்தில் வெளிப்படாத குறைகளை வீதியே காட்டித் தரும் என்பதற்கு அவரது பயணம் சான்றாகும்.

வினாக்கள்
1. மக்கள் மோட்டார் வண்டியை வாங்கத் தயங்கியமைக்குக் காரணம் யாது?
2. வழியில் ஏற்பட்ட பழுதுகள் மூன்றினையும் அவை திருத்தப்பட்ட விதத்தையும் எழுதுக.
3. ஏற்றத்தில் ஏற்பட்ட சிக்கல் ஏனைய பழுதுகளிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?