பிடி அரிசிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை



நம்ம விருதுநகர், சிவகாசிப் பக்கம் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து நிறுத்தும்போது சொல்வதற்குப் பெரியவர்களிடம் ஒரு பேச்சு தயாராக இருக்கும். காமராஜர் என்ன படிச்சாரு, நாட்டை ஆளலையா என்பார்கள். என் அய்யாவும் அதைத்தான் சொன்னார். 1975-இல் நாலாம் வகுப்பு முடிந்ததும் என்னைத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்க அனுப்பிவிட்டார். அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர் காலமானார். யாரைக் காட்டி என் படிப்பை நிறுத்தினார்களோ, அவருடைய கதையைக் குழுவில் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிறகுதான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

1903 ஜூலை 15-இல் விருதுநகரில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்தவர் அவர். ஆறு வயசு வாக்கிலேயே தகப்பனார் போய்விட்டார். சிவகாமி அம்மாள் நகையை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் போட்டு, வருகிற வட்டியில் குடும்பம் நடத்தினார். கையில் இருப்பதை வைத்துக் காலம் தள்ளும் கணக்கு அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. நமக்கும் அது தெரிந்த கணக்குத்தானே!

பிள்ளை படித்தது சத்திரிய வித்தியாசாலையில். வீட்டுக்கு வீடு தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்ற காசில் ஊர்மக்கள் நடத்திய பள்ளிக்கூடம் அது. ஆனாலும் குடும்பக் கஷ்டத்தில் ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனார். பிறகு திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடையில் கொஞ்ச காலம் இருந்தார்.

கடையில் இருந்தாலும் மனசு சுதந்திரப் போராட்டத்தில்தான். 1930-இல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு, கல்கத்தா பக்கம் அலிப்பூர் சிறை வரை போனார். ஆக மொத்தம் எட்டு வருஷத்துக்கும் மேல் சிறையில் கழிந்தது. இந்த இடத்தைத்தான் என் அய்யா சொல்லாமல் விட்டுவிட்டார். சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. புத்தகம் படித்தார், பத்திரிகை படித்தார், இங்கிலீஷும் பழகினார். பள்ளிக்கூடம் நின்றதே தவிர, படிப்பு நிற்கவில்லை.

1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். ஊர் ஊராகச் சுற்றிய அனுபவம் அவருக்கு நிறைய. எந்த ஊரில் தண்ணீர் இல்லை, எந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பது தெரியும். ஆனால் அனுபவம் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. நன்றாகப் படித்த சி. சுப்பிரமணியத்தைக் கல்வி அமைச்சராக வைத்துக்கொண்டார். நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் இயக்குநராக இருந்து திட்டங்களை நடத்திக் காட்டினார். பசிக்கிற பிள்ளை பள்ளிக்கு வராது என்பது முதலமைச்சருக்குத் தெரிந்தது. எத்தனை பிள்ளை, எவ்வளவு அரிசி, யார் பொறுப்பு என்று காகிதத்தில் போடப் படித்தவர்கள் இருந்தார்கள். 1956-இல் மதிய உணவு வந்தது. தொடக்கத்தில் ஊர்மக்கள் கொடுத்த நன்கொடைதான் அதற்குக் கைகொடுத்தது. அந்தப் பிடி அரிசியே திரும்பி வந்தது போல எனக்குத் தோன்றும்.

மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்தன, பள்ளி இல்லாத ஊர்களுக்குப் புதுப் பள்ளிகள் வந்தன. 1963-இல் கட்சி வேலைக்காகப் பதவியைத் தானாகவே விட்டார். அடுத்த வருஷம் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் ஆனார். 1967-இல் சொந்த ஊரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை. அவர் பிறந்தநாளைத்தான் இப்போது பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். என் மூத்த மகள் எட்டாவது முடித்தபோது, அய்யா சொன்ன அதே பேச்சை நானும் சொல்லி அவளைப் பட்டாசு வேலைக்கு அனுப்பினேன். குழுவில் யாருக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வரும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன், அதில் நான் கெட்டி. ஆனால் ஒருமுறை கடன் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டு, வட்டி அதிகம் என்பதை மூணு மாசம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்துச் சொல்ல என் வீட்டில் ஆள் இல்லை. இருந்திருக்க வேண்டிய ஆளை நான்தான் வேலைக்கு அனுப்பியிருந்தேன்.

படிக்க முடியாமல் போனவர், நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகக் கூடாது என்று பாடுபட்டார். அவர் பெயரைச் சொல்லியே நாம் பிள்ளைகளை நிறுத்தினால் அது அவருக்குச் செய்கிற மரியாதையா?

என் பேத்தி இப்போது பத்தாவது படிக்கிறாள். அவள் மேல்படிப்புக்கென்று மாசச் சந்தாவோடு தனியாக நூறு ரூபாய் போட்டு வருகிறேன். எங்கள் குழுவில் இன்னும் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மான நோட்டை அவள் சத்தமாக வாசிப்பாள். மூத்த மகளும் பக்கத்தில் உட்கார்ந்து, வரி வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவாள்.