நாகூர் ஆண்டவர்: ஒரு சூஃபியின் பெயர் கடல் தாண்டியது எப்படி?

பினாங்கு, ஜார்ஜ்டவுனின் சூலியா ஸ்திரீட்டில் ஒரு சிறிய தர்கா இருக்கிறது. சிங்கப்பூர் தெலுக் ஆயர் ஸ்திரீட்டிலும் ஒன்று உண்டு. இரண்டுமே ஒருவரின் நினைவாகக் கட்டப்பட்டவை. ஆனால் அவர் அடக்கமானது தமிழ்நாட்டு நாகூரில். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் ஹமீதுதான் அவர்.

யார் இவர்?

வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்தார். குவாலியரில் முகம்மது கவுஸ் என்ற சூஃபி குருவிடம் பயின்றார். மக்கா வரை போய்விட்டு, கடைசியில் நாகூரில் தங்கினார். பாக்தாத்தில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காதிர் ஜீலானியின் வம்சம் என்பது மரபு. காதிரியா தரீக்கா அந்த ஜீலானி பெயரில் வந்ததுதான். தரீக்கா என்றால் பாதை. குருவிடமிருந்து சீடருக்குத் தொடரும் சங்கிலி அது.

மக்கள் ஏன் தேடிப் போனாங்க?

அரபு நூல்கள் படித்தவர்களுக்கு மட்டுமே எட்டின. சூஃபியைப் பார்க்கப் படிப்போ சாதியோ தடையில்லை. நோய், பிள்ளை இல்லாத கவலை, கடல் பயணம் என எதற்கும் போகலாம். தஞ்சை நாயக்க மன்னரின் நோயை அவர் தீர்த்ததாக ஒரு கதை உண்டு. இன்னொரு கதையில், சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்த கண்ணாடியை வீசி, நடுக்கடலில் மூழ்கப் போன கப்பலின் ஓட்டையை அடைக்கிறார். கடலை நம்பிப் பிழைத்த மரைக்காயர்களும் மீனவர்களும் அவரைக் காவலராக நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

மறைவுக்குப் பிறகு?

புகழ் இன்னும் கூடியது. தர்காவின் 131 அடி மினாராவை 18-ஆம் நூற்றாண்டில் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய அரசர் பிரதாப் சிங், ஓர் இந்து. ஆண்டுதோறும் நடக்கும் 14 நாள் கந்தூரிக்கு எல்லா மதத்தினரும் போறாங்க. மலாயில் நாம் சொல்லும் 'கெண்டூரி'யும் அதே பாரசீகச் சொல்தான். தர்காவில் நேர்த்திக்கடன் செலுத்துவது சரியா என்ற விவாதம் முஸ்லிம்களிடையே இன்றும் தொடர்கிறது.

சபாக்குக்கு என்ன தொடர்பு?

நாகூருக்குப் பக்கத்தில்தான் நாகப்பட்டினம் துறைமுகம். அந்தக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகர்கள் 1800-களின் தொடக்கத்தில் பினாங்கிலும், 1828-30இல் சிங்கப்பூரிலும் நினைவு தர்கா எழுப்பினார்கள். பிறகு மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் எடுத்தபோது, ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறியதும் நாகப்பட்டினத்தில்தான். சபாக், கோல சிலாங்கூர் தோட்டங்களில் வளர்ந்தவரா நீங்க? உங்க குடும்பம் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது, யாருக்கு நேர்ந்துகொண்டு கிளம்பியது என்று வீட்டுப் பெரியவங்களிடம் கேட்டுப் பாருங்க.