நரம்பணுவை வரைந்த நல்லறிஞர்

ஸ்பெயின் நாட்டின் வடபால் பெத்தில்யா என்னும் மலையூர் ஒன்றுண்டு. அவ்வூரில் 1852ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் பிறந்தவர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். தந்தையார் மருத்துவர், மகனும் மருத்துவனாதல் வேண்டும் என விழைந்தவர். மைந்தனோ படம் எழுதுவதிலேயே பொழுதைப் போக்கினான். கடிந்தும் திருந்தாமையின், அவனை முடிதிருத்துவோரிடத்தும் செருப்புத் தைப்போரிடத்தும் தொழில் பயில விடுத்தார். பின்னர் ஒரு கோடையில் இடுகாட்டிற்கு அழைத்துச் சென்று, அங்குக் கிடந்த எலும்புகளைப் பார்த்து வரையச் செய்தார். ஓவிய வேட்கையே உடற்கூற்றுக் கல்விக்கு வாயிலாயிற்று!

1873இல் மருத்துவரான கஹால், படை மருத்துவராகக் கியூபாத் தீவிற்குச் சென்று, முறைக்காய்ச்சலால் நலிந்து மீண்டார். அப்பணியில் ஈட்டிய பொருளில் எஞ்சியதைக் கொண்டு நுண்ணோக்கி ஒன்றை வாங்கினார்.

நரம்பு மண்டலம் முழுதும் இடையறாது பின்னிய ஒரே வலை என்பது அக்காலத்து அறிஞர் பலர் கொள்கை. இத்தாலிய அறிஞர் கொல்கியும் அக்கொள்கையினரே. ஆயினும், அவர் கண்ட வெள்ளியுப்பு முறைதான் கஹாலுக்குக் கருவியாயிற்று. அம்முறை, எண்ணற்ற அணுக்களுள் மிகச் சிலவற்றை மட்டும் கருநிறமாக்கிக் காட்டும். கஹால் அதனைத் திருத்தி, பறவைகளின் இளமூளையில் கையாண்டார். நரம்பணு ஒவ்வொன்றும் தனித்தே நிற்பது என 1888இல் வெளியிட்டார். ஸ்பானிய மொழியில் எழுதியதைப் படிப்பார் அரியர். ஆதலின், 1889இல் தாமே பெர்லின் சென்று, முதுபேரறிஞர் கோலிக்கர் முதலியோர்க்குத் தம் கண்ணாடித் தகடுகளைக் காட்டி உடன்படச் செய்தார். 1906இல் நோபெல் பரிசு கொல்கிக்கும் அவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசு மேடையிலும் கொல்கி வலைக்கொள்கையையே வற்புறுத்தினார்.

தனித்து நிற்கும் அணுக்கள் எங்ஙனம் உரையாடும்? இரண்டிற்கும் இடையே மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி உண்டென்பதை 1950களில் மின்னணு நுண்ணோக்கி காட்டிற்று. விடுக்கும் அணுவின் விளிம்பில் புரதங்கள் குழுமி, வேதிப்பொருள் நிறைந்த நுண்பைகளை உரிய இடத்தில் நிறுத்துகின்றன. எதிர்க்கரையில் வேறொரு புரதக் கூட்டம், அப்பொருளை ஏற்கும் வாங்கிகளைத் தாங்கி நிற்கின்றது. வாங்கிகள் மிகின் செய்தி வலுக்கும், குறையின் மெலியும். நாம் ஒரு பாடத்தைக் கற்குங்கால் இக்கூட்டங்களும் மாறுகின்றன.

நரம்பணுக் கிளைகளின்மேல் முட்கள் போன்ற சிறு புடைப்புகளைக் கஹால் 1888இலேயே வரைந்திருந்தார். அவை சாயத்தின் கறை என்று பிறர் தள்ளினர். அவரோ விடாது, வேறொரு சாயத்தாலும் அவற்றைக் காட்டினார். 1934ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் மாட்ரிட் நகரில் அவர் மறைந்தார். கால் நூற்றாண்டு கழிந்தபின், செய்தியை ஏற்கும் இடங்களுட் பல அம்முட்களின் தலையிலேயே இருப்பது தெளிவாயிற்று.