தொரப்பள்ளி தந்தவரும் தொழிலாளர் சட்டமும்

ஓசூர் வட்டாரத்துத் தொரப்பள்ளியில் ஓர் எளிய வீடு இருக்கிறது. அரசின் நினைவு இல்லமாக இன்று அது காக்கப்படுகிறது. 1878 டிசம்பர் 10 அன்று அந்த ஊரில் பிறந்தவர்தான் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். தந்தை ஊர் முனிசீப். அன்று அது சேலம் மாவட்டத்துச் சிற்றூர். கேழ்வரகு விளைந்த மண். இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். மூன்று ஷிப்டும் ஓடும் ஆலைகளின் அண்டை வீடு.

ஆச்சாரியாரைப் போற்றுவோர் உண்டு, தூற்றுவோரும் உண்டு. இரண்டும் நிறையவே நடந்துவிட்டது. தோழர்களே, நாம் வேறொரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரஸ்ஸில் விரலைப் பறிகொடுத்தவன், கல்தூசியில் நெஞ்சைப் பறிகொடுத்தவன் — அவன் கண்கொண்டு இந்த வாழ்க்கையைப் பார்ப்போம். ஏனெனில் அவர் வளர்ந்த கதையும், தொழிலாளிக்கு நஷ்டஈடு வந்த கதையும் ஒரே காலத்தில் நடந்தவை.

அவர் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1881-இல், இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நூறு பேருக்குக் குறையாத ஆலைக்குத்தான் அது. கை போனவனுக்குக் காசு கொடு என்று அதில் ஒரு வரியும் இல்லை. சிறுவன் ஓசூர்ப் பள்ளியில் எழுத்துப் படித்த நாட்களில், 1884-இல், பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் கூடினார்கள். வேலையில் காயம்பட்டால் குணமாகும்வரை கூலி வேண்டும். முடமாகிப் போனால் பிழைக்க வழி வேண்டும் என்று கேட்டார்கள். அதே 1884-இல் ஜெர்மனியில் விபத்து இன்ஷூரன்ஸ் சட்டமாகிவிட்டது. பம்பாய்க்காரனின் மனுவோ கிடப்பில் கிடந்தது.

ராஜகோபாலாச்சாரியார் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்றார். 1897-இல் இங்கிலாந்து தன் தொழிலாளிக்கு நஷ்டஈட்டுச் சட்டம் செய்துகொண்டது. தன் ஆட்சிக்குட்பட்ட இந்தியனுக்குச் செய்யவில்லை. 1900 வாக்கில் அவர் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். வழக்குகள் குவிந்தன; பணமும் பெயரும் வந்தன.

அந்த நாளில் ஆலையில் ஒருவன் செத்தால் அவன் மனைவி எந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பாள்? 1855-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அது சாவுக்கு மட்டுமே. அதிலும் முதலாளியின் தவறு என்று அவளே மெய்ப்பிக்க வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியவன் யார்? அதே முதலாளியிடம் கூலி வாங்கும் சக தொழிலாளி! வாய் திறந்தால் அவன் வேலை போகும். ஆபத்தென்று தெரிந்துதானே வேலைக்கு வந்தான் என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்பார். வழக்கு முடிந்தது, குடும்பம் தெருவிலே!

1917 முதல் 1919 வரை அவர் சேலம் நகராட்சித் தலைவர். பிறகு வக்கீல் தொழிலைத் துறந்து காந்தியார் பின்னே சென்றார். 1922-இல் கயா காங்கிரசில், சட்டசபைக்குள் நுழையக் கூடாது என்று வாதாடியவர்களின் முன்னணியில் நின்றார். அவர்கள் ஒதுக்கிய அந்தச் சட்டசபையில்தான், நியமன உறுப்பினரான என். எம். ஜோஷி போன்றோர் தொழிலாளிக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1923-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பம்பாயில் கேட்டு 39 ஆண்டு கழித்து!

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒன்றுதான். முதலாளி தவறு செய்தாரா என்ற கேள்வி போயிற்று. வேலையினால், வேலையின்போது காயம்பட்டாயா? ஆம் என்றால் ஈடு உண்டு. குறிப்பிட்ட தொழில் நோய்களும் காயமாகவே கணக்கிடப்பட்டன.

1930-இல் வேதாரண்யம் உப்பு யாத்திரை; சிறைவாசம். 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமர். தொழிலாளர் இலாகாவை வி. வி. கிரியிடம் கொடுத்தார். மதுவிலக்கைத் தம் சொந்தச் சேலம் மாவட்டத்தில் முதலில் தொடங்கினார். விவசாயிகளின் கடன் பளுவைக் குறைத்த சட்டம் 1938-இல் வந்தது. கட்டாய இந்தியும் அவர் ஆட்சியில்தான் வந்தது. தாளமுத்துவும் நடராசனும் சிறையில் மாண்டார்கள். நல்லதையும் சொல்லுவோம், அல்லதையும் மறைக்கமாட்டோம்.

1948 ஜூன் 21 அன்று தொரப்பள்ளியில் பிறந்தவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 23 அன்று, அவர் பதவியிலிருந்த காலத்தில்தான் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஓடும் இயந்திரத்துக்கு வேலி போடு என்றது அது. விபத்தை மறைக்காமல் அதிகாரிக்குத் தெரிவி என்றது. ஈயம், பாதரசம், கல்தூசி ஆகியவற்றால் வரும் நோயைக் கண்டால் மருத்துவரும் அரசுக்கு எழுத வேண்டும் என்றது. இதை ஆச்சாரியாரின் கொடை என்று சொல்ல வரவில்லை. கொடுக்க வைத்தது 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட நாள் முதல் நாடெங்கும் எழுந்த தொழிலாளர் இயக்கம்.

1952-இல் அவர் சென்னையின் முதலமைச்சரானார். அவ்வாண்டே தஞ்சைப் பண்ணையாட்களைக் காக்க அவசரச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு வந்ததோ புதிய கல்வித் திட்டம்: அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில். குலக்கல்வி என்று நாடு அதை எதிர்த்தது. தொழிலாளியின் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிந்தது. கல் உடைப்பவன் மகனுக்கு உளி மட்டுமா வரும்? அப்பனின் நெஞ்சில் படிந்த தூசியும் சேர்ந்து வரும்! குலத்தோடு நோயையும் கட்டிப்போடும் திட்டம் அது. 1954-இல் அவர் பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் திட்டமும் போயிற்று. 1959-இல் சுதந்திராக் கட்சி கண்டார், 1967-இல் தி.மு.கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரசை வீழ்த்தினார். 1972 டிசம்பர் 25 அன்று, 94 வயதில் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் ஓசூர் தொழில் நகரமாக வளர்ந்தது. நஷ்டஈட்டுச் சட்டமும் வளர்ந்தது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுள் அடங்கின. பெயர் மாறியது, உரிமை சாகவில்லை. வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது கணக்கில் வரும்.

எல்லையோரத் தோழன் மனத்தில் பதிக்க வேண்டியவை சில. ஒப்பந்தக்காரன் ஆள் நீ, எனக்கும் உனக்கும் தொடர்பில்லை என்று ஆலை நிர்வாகம் கைகழுவ முடியாது. மூல முதலாளியும் பொறுப்பாளியே. நஷ்டஈடு கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்கிய காகிதம் செல்லாது. சாவு நேர்ந்தால் பணத்தை அதிகாரியிடம் கட்ட வேண்டும். பிணத்தருகே கையில் திணிக்கும் தொகை ஈடாகாது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு ஈ.எஸ்.ஐ. வழி, இல்லாதவருக்கு முதலாளி வழி. காயம்பட்ட அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். மருத்துவச் சீட்டில் வேலையிடத்து விபத்து என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2023 அக்டோபர் 7 அன்று எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு பற்றி எரிந்தது. பதினான்குக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். விபத்து கர்நாடகத்தில், தாய் தமிழ்நாட்டில். இப்படிப்பட்ட தாய் எங்கே மனுப் போடுவாள்? 1995-இல் வந்த திருத்தம் இதற்கு வழி சொன்னது. விபத்து நடந்த ஊரிலும் கேட்கலாம்; தான் வாழும் ஊரிலும் கேட்கலாம். ஓசூர் ஆலையில் அடிபட்ட பீகார்த் தோழனின் குடும்பத்துக்கும் அதே உரிமை.

தொரப்பள்ளியில் பிறந்தவர் கோட்டைக்குப் போனார்; டெல்லி மாளிகைக்கும் போனார். ஆனால் மாளிகையில் ஒப்புதல் பெற்ற சட்டம் தானாக நடந்து ஆலை வாசலுக்கு வராது. அதைக் கைபிடித்து அழைத்து வருவது சங்கத்தின் வேலை. இன்றிரவு ஷிப்டுக்குப் போகும் தோழன், பக்கத்து இயந்திரத்தில் நிற்பவனிடம் இதைச் சொல்லட்டும். இழந்த விரல் திரும்பாது. அதற்குரிய ஈட்டையும் இழக்க வேண்டுமா?