ஹாரி குரோ பக் துரையவர்கள்

பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவில், கடலூரிலேனும் சிதம்பரத்திலேனும் கலாசாலையிற் பயின்றவர் எவரும், மாலை வேளையில் ஊதலும் கையுமாய் மைதானத்தில் நின்ற தேகப்பயிற்சி ஆசிரியரை மறந்திரார். கணிதம் கற்பித்தவர் பெயரை மறந்தவரும் அவர் பெயரை மறவார். ஆயினும் அவ்வாசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. இலாபம் கருதாது நடைபெறும் கல்வி நிலையங்களில், விளையாட்டைக் கற்பிப்பவருக்கு யார், எந்த நிதியிலிருந்து, எவ்வளவு கொடுப்பது என்னும் வினா நம் நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் முற்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வினாவை நாம் தட்டிக்கழிக்க இயலாதபடி செய்தவர் பக் துரையவர்கள். அவர்தம் சரிதையைச் சுருக்கமாக ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

அவர் வருமுன் நம் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் டிரில் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய் அல்லது ஹவில்தார். வரிசையாய் நிற்கவும், இடம் வலம் திரும்பவும், கால் மாற்றி நடக்கவும் கற்பிப்பதே அவர் பணி. சம்பளமோ சொற்பம், மதிப்போ அதனினும் சொற்பம். தலைமை ஆசிரியரின் அறையில் மற்ற உபாத்தியாயர்களோடு சரிசமமாய் அமரும் உரிமை அவருக்கு இருந்ததென்று சொல்லுதற்கில்லை. சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பர் நம்மவர். ஆனால் அச்சுவரை எழுப்பும் கொற்றனுக்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் அவர் கை சுருங்கிவிடும்.

பக் துரையவர்கள் 1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்திற் பிறந்தார். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் ஸ்பிரிங்பீல்டு கலாசாலையில் தேகப்பயிற்சிக் கல்வி பெற்றார். கூடைப்பந்து என்னும் ஆட்டம் 1891இல் நெய்ஸ்மித் என்பவரால் அமைக்கப்பட்டதும் அக்கலாசாலையிலேதான். 1919இல் அச்சங்கத்தின் ஊழியராகச் சென்னை வந்து சேர்ந்த பக் துரை, மறு ஆண்டே தேகப்பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றும் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். சொற்ப மாணவர்களோடும் சொற்பப் பொருளோடும் தொடங்கிய அப்பாடசாலையே, பின்னர் சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் விரிந்த மைதானங்களோடு விளங்கிய ஒய்.எம்.ஸி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலை. இந்தியாவில் இத்தகைய கலாசாலைகளுள் அது முன்னோடி.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. நம் மாணவர்கள் செலுத்திய கட்டணத்திலிருந்து பக் துரையின் ஜீவனத்துக்கு வழி ஏற்பட்டதன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழ்ந்த அன்பர்கள் வாலிபர் சங்கத்திற்கு அளித்த நன்கொடையே அவரை இங்கு நிறுத்திற்று. அவரிடம் பயின்று வெளியேறியவர்களின் நிலையோ வேறு. அவர்களுக்குக் கடல் கடந்து பணம் வாராது. அவர்களை நியமிக்கும் பள்ளியோ கலாசாலையோ, மாணவரிடம் வாங்கும் விளையாட்டுக் கட்டணத்தையும் அரசாங்க மானியத்தையும் நம்பியே அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பயிற்சி பெற்று, தேர்வெழுதி, உடற்கூற்றியலும் உடலியங்கியலும் கற்று வந்த ஒருவருக்குப் பழைய ஹவில்தாரின் சம்பளத்தை நீட்டுவது எங்ஙனம்? ஒரு தொழிலுக்குக் கல்வியை உண்டாக்கியதனால் அத்தொழிலுக்கு ஊதியத்தையும் உண்டாக்கியாக வேண்டிய நிலை வந்தது. துரையவர்களின் பணிகளுள் இதனையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம்.

பிற பணிகளும் பல. சென்னை அரசாங்கத்திற்குத் தேகப்பயிற்சி ஆலோசகராய் இருந்தார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்கு இந்தியக் குழுவை நடத்திச் சென்றார். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றுதற்குச் சர் தொராப்ஜி டாட்டா, நோரன் ஆகியோரோடு உழைத்தார். வியாயாம் என்னும் பத்திரிகையைத் தொடங்கினார்; ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். இவையெல்லாம் விளையாட்டு வரலாற்றில் இடம் பெற்றுள்ளமையின் நாம் விரிக்கவில்லை.

1929க்குப் பின் அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தது. நன்கொடை குன்றவே, அயல்நாடுகளில் தாம் நிறுத்தியிருந்த ஊழியர்களின் தொகையை வாலிபர் சங்கத்தார் குறைத்தனர். தூரத்து அன்பர்களின் கொடையை நம்பி நிற்கும் சம்பளம் எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அப்போது வெளிப்பட்டது. பக் துரை சென்னையை விட்டு அகலவில்லை. 1943ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் தம் இறுதிவரையில் இந்நாட்டிற்கே உழைத்தார்.

அவர் பிறந்த நாட்டில் இவ்வினா வேறொரு கோலம் கொண்டுவிட்டது. அங்கே பல மாகாணங்களில் அரசாங்கச் சம்பளம் பெறுவோர் அனைவரிலும் மிகுதியாகப் பெறுபவர் சர்வகலாசாலையின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளரே, கவர்னர் அல்லர்! இலாபம் கருதாத நிலையங்கள் மிகுந்த சம்பளம் பெறும் தம் ஊழியருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேற் கொடுத்தால், மிகுதிக்கு 21 சதவிகிதம் வரி செலுத்த வேண்டும் என்று 2017இல் சட்டமே செய்தனர். பார்வையாளர் கட்டணமும் ஒளிபரப்பு வருமானமும் அங்கே சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன. நம் மைதானங்களில் மாலையாட்டத்தைக் காண வருவோர் வேலியோரத்தில் நிற்கும் நாலு பேரே. அவர்களிடம் என்ன வசூலிப்பது?

நம் நாட்டிலோ அரசாங்கமே துணை. 1986ஆம் ஆண்டுச் சம்பளத் திருத்தத்தில் பல்கலைக்கழக மானியக் குழு, தேகப்பயிற்சி இயக்குநர்க்கும் விரிவுரையாளர்க்குரிய விகிதத்தையே வகுத்தது. மானியம் பெறும் கலாசாலைகளில் அனுமதி பெற்ற இடத்திற்கு மாநில அரசாங்கம் அச்சம்பளத்தைத் தருகிறது. மாணவர் கட்டணமொன்றையே நம்பும் சுயநிதிக் கல்லூரிகளிலோ, நிர்வாகம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவே. அதே பட்டம், அதே ஊதல், சம்பளம் மட்டும் வேறு.

நம் அண்டையிலுள்ள சிதம்பரத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தம் கலாசாலைகளோடு 20 லட்சம் ரூபாயும் ஈந்து 1929இல் தோற்றுவித்த பல்கலைக்கழகம், தேகப்பயிற்சி ஆசிரியர் பலரைப் பயிற்றி அனுப்பிய இடம். ஆசிரியரும் அலுவலரும் வருவாய்க்கு மிஞ்சிப் பெருகியமையால், 2012இல் சம்பளத்தைக் குறைக்க முற்பட்ட நிர்வாகத்தை எதிர்த்து ஊழியர் வீதிக்கு வந்தனர். 2013இல் தனிச் சட்டத்தால் அரசாங்கம் அதனை ஏற்றது. சம்பளம் நின்றுபோகவில்லை, ஆயினும் மிகுதியாயிருந்தோருட் பலர் சிதம்பரத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வேற்றூர் அரசாங்கக் கல்லூரிகளுக்குப் போயினர்.