எதிரணி வலைமுன் நின்ற நம்ம ஆறுமுகம்

எழுபதுகளில் காற்பந்து பார்த்த சிங்கப்பூர்த் தமிழர் யாரிடமாவது ஆர். ஆறுமுகம் என்று பேரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும். அப்புறம்தான் சிரிப்பு. தேக்காவில் டீ குடித்துக்கொண்டே என் பெரியப்பாவும் அவர் கூட்டாளிகளும் இன்றைக்கும் அவரைத் திட்டுவார்கள். திட்டி முடித்த கையோடு பெருமையும் பேசுவார்கள். நம்ம ஆளு, ஆனா நமக்கு எதிரா நின்ன ஆளு. அதுதான் சிக்கல்.

அவர் ஆடி நான் பார்த்ததில்லை. அவர் காலமானபோது நான் பிறக்கவே இல்லை. ஆனால் பதினைந்து வயதிலிருந்து கோலுக்கு முன்னால் நிற்கிறவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம பசங்களுக்குக் கீப்பிங் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஆறுமுகம் பிறந்தது 1953இல். சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் பக்கம். எழுபதுகளின் தொடக்கத்தில் சிலாங்கூர் அணிக்கு வந்தார். 1973இல் மலேசியத் தேசிய அணி. அங்கே 1986 வரை, பதின்மூன்று ஆண்டு. நாட்டுக்காக ஏறக்குறைய இருநூறு முறை ஆடினார் என்பது மலேசியாவில் சொல்லப்படும் கணக்கு. 1977, 1979 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் மலேசியா தங்கம் வாங்கிய காலம் அவருடைய காலம்தான்.

அவருக்கு ரசிகர்கள் வைத்த பேர் ஸ்பைடர்மேன். காரணம் கைகள். அவ்வளவு நீளம். ஆறுமுகம்னு பேரு வச்சா பன்னிரண்டு கை இருக்கத்தானே செய்யும் என்று பெரியப்பா செட்டில் ஒரு பழைய ஜோக் உண்டு. முருகன் கோவிச்சுக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

எனக்கு இந்தப் பட்டப்பேரில் ஒரு சின்ன மனத்தாங்கல். கை நீளம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் பிறப்பிலேயே வந்துவிட்டது போல ஆகிவிடுகிறது. எங்கள் பயிற்சிக்கு வரும் பசங்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். நான் குள்ளம், எனக்குக் கை எட்டாது, நான் கீப்பர் ஆக முடியாது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். உயரமான ஆள் இரண்டு கையையும் விரித்து நின்றால் இரண்டு மீட்டர் அடையும். மீதி ஐந்து மீட்டருக்கு மேல் திறந்தே கிடக்கிறதே, அதை யார் காப்பது? கால்தான். ஆறுமுகத்துக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வெறும் கையை வைத்துக்கொண்டு பதின்மூன்று வருஷம் ஒரு நாட்டின் வலைமுன் நிற்க யாராலும் முடியாது.

பந்து வைத்திருக்கிறவன் காலிலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் இரண்டு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோல்கோட்டிலேயே நின்றால் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. மூன்று எட்டு முன்னால் வந்தால் அதே இடைவெளி சுருங்கும். ரொம்ப முன்னால் வந்தால் தலைக்கு மேலே தூக்கி அடித்துவிடுவான். எங்கே நிற்பது என்பது ஒவ்வொரு நொடியும் மாறும். பந்து நகர நகர நாமும் சின்னச் சின்ன எட்டாக நகர வேண்டும். அவன் அடிக்கிற கணத்தில் மட்டும் இரண்டு காலும் தரையில், முட்டி லேசாக மடங்கி, உடல் எடை பாதத்தின் முன்பக்கம். ஓடிக்கொண்டே இருக்கும்போது பந்து வந்தால் எந்தப் பக்கமும் பாய முடியாது. நம்ம பசங்க அதிகமாக கோல் வாங்குவது இந்த இடத்தில்தான். கை குட்டையாக இருப்பதால் இல்லை.

நீளக் கை நிஜமாகவே உதவுவது குறுக்கே உயரமாக வரும் பந்தில். கூட்டத்துக்கு மேலே எழும்பி, மற்றவன் தலை எட்டுவதற்கு முன் கை எட்ட வேண்டும். அதற்கும் முதலில் வேண்டியது முடிவு. வெளியே வருவதா, கோட்டிலேயே நிற்பதா? வருவதென்றால் சத்தம் போட்டு வர வேண்டும். பாதி வழியில் மனசு மாறினால் முடிந்தது கதை. இங்கே நமக்கு ஒரு குறை இருக்கிறது. புளோக்குக்குக் கீழே இருக்கும் ஸ்ட்ரீட் சாக்கர் கோர்ட்டில்தான் நம்ம பசங்க வளர்கிறார்கள். சின்னக் கோல், சுற்றிலும் கம்பி. அங்கே கிட்டத்தில் வரும் பந்தைத் தடுக்க நன்றாகப் பழகிவிடும். குறுக்குப் பந்து பழகவே பழகாது. அதைப் பழகப் பெரிய திடல் வேண்டும். ஒரு காலத்தில் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே ஃபேரர் பார்க் திடல் அதற்கு இருந்தது.

சரி, பெரியப்பா பெருமூச்சுக்கு வருவோம். 1975 முதல் 1981 வரை ஏழு ஆண்டும் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்துக்குச் சிங்கப்பூர் போனது. அதில் ஆறு முறை எதிரே சிலாங்கூர். ஐந்து முறை சிலாங்கூர் ஜெயித்தது. மொக்தார் டஹாரி முன்னால் கோல் போட, பின்னால் கோலைக் காத்த பேர் ஆறுமுகம். 1977இல் சூ செங் குவீ பயிற்சியில் நாம் கிண்ணத்தைத் தூக்கியபோது எதிரணி பினாங்கு. சிலாங்கூரை இறுதியில் வீழ்த்த 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2-1. வெற்றி கோல் 17 வயது ஃபாண்டி அகமதுவுடையது. அந்த கோலைப் பற்றிப் பேசும்போது பெரியப்பா குரல் இன்னும் உயரும். ஆறுமுகத்துக்குப் போட்ட கோல் என்பதால் அதற்கு மதிப்பு கூட.

அந்த 1980 ஆறுமுகத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். ஆறுமுகம், சோ சின் ஆன், சந்தோக் சிங், மொக்தார் என்று எல்லா இனத்தாரும் கலந்த அணி. ஆனால் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் போய் ஆடியது. ஆறுமுகத்துக்கு அப்போது 27 வயது. ஒரு கீப்பருக்கு அதுதான் நல்ல பருவம். அதற்குப் பிறகு ஒலிம்பிக் காற்பந்துக்கு மலேசியா தகுதி பெறவே இல்லை.

தடுக்க முடியாத பந்து என்று கீப்பர்கள் நாங்கள் சிலதைச் சொல்வோம். இது அந்த வகை. யார் மேலும் பழி போட முடியாது, பயிற்சி செய்து திருத்தவும் முடியாது. அதன் பிறகும் ஆறு வருஷம் அந்த மனுஷர் தேசிய அணிக்காகக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். எனக்கு அவருடைய பதக்கங்களைவிட இந்த ஆறு வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது.

1988 டிசம்பரில் ஒரு சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்துபோனார். வயது 35. தேசிய அணியை விட்டு இரண்டே வருஷம் ஆகியிருந்தது. சக ஆட்டக்காரன் காலால் தட்டிக் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. அவர் காலத்துக் கீப்பர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்றைக்கு நம்ம பசங்க கையோடு சேர்த்து இரண்டு காலாலும் பந்தை அனுப்பப் பழக வேண்டியிருக்கிறது.

2016இல் வந்த ஓலா போலா என்ற மலேசியப் படம் அந்த 1980 அணியை மனத்தில் வைத்து எடுத்தது. அதில் முத்து என்று ஒரு தமிழ்க் கீப்பர் வருவார். பேரும் கதையும் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் யாரை நினைத்து என்று பெரியப்பாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இடைவேளை வரை பேசிக்கொண்டே இருந்தவர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

அடுத்த மாதம் முழுக்க எங்கள் ஞாயிறு பயிற்சியில் குறுக்குப் பந்து மட்டும்தான். பெரிய திடல் ஒன்று கிடைத்திருக்கிறது. கீப்பர் இடம் இரண்டு காலி. உயரம் கேட்க மாட்டோம்.